பட்டியலில் யார் இல்லை?



டிசம்பரில் பாடசாலை மீண்டும் திறந்த வாரம். பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கென்று கொப்பி, பேக், சப்பாத்து எல்லாம் வாங்கி அனுப்பியிருந்தார்கள். நாங்கள் ஆசிரியர்கள் நாலு பேர் மேசை போட்டு உட்கார்ந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒருவரே இரண்டு தரம் எடுத்துவிடக் கூடாது என்று ஒரு விதியும் வைத்திருந்தோம். கிராம உத்தியோகத்தரின் கடிதம் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு பையன் மட்டும் வரிசைக்கு வரவேயில்லை. வெல்லம்பிட்டியிலிருந்து வருகிற பிள்ளை. வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர் ஏறி, உம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும் இப்போது பாமன்கடையில் சாச்சி வீட்டு முன்னறையில் இருக்கிறார்கள் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். கூப்பிட்டுக் கேட்டோம்.

“எங்கட பேரு லிஸ்ட்ல இல்லயாம் சேர்” என்றான்.

பிறகு உம்மாவிடம் விசாரித்தபோதுதான் கதை விளங்கியது. அவர்கள் இருந்தது கூலி வீடு. ஒரே வீட்டு இலக்கம், உள்ளே மூன்று குடும்பம். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில். வாக்காளர் இடாப்பில் இவர்களுடைய பெயர் இன்னும் பழைய விலாசத்தில். கூலிக்கு எழுதிய ஒப்பந்தம் ஒன்று இருந்தது, அதுவும் தண்ணீரோடு போய்விட்டது. ஒரு இலக்கத்துக்கு ஒரு பெயர்தான் பதியலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், வீட்டுக்காரரின் பெயர் பதியப்பட்டிருக்கிறது. அந்தத் தாய் யாரையும் திட்டவில்லை. “அவங்களும் பாவம் சேர், அவங்களுக்கும் தண்ணி வந்திச்சிதானே” என்றார்.

பையனுக்கு பேக் கொடுத்தோம். அது பெரிய விடயம் இல்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்த பிறகு எங்களுக்கு உறைத்தது வேறொன்று. அரசாங்க அலுவலகம் அந்தக் குடும்பத்திடம் கேட்ட அதே கடதாசியைத்தானே நாங்களும் கேட்டோம்? எங்கள் கண் முன்னால் ஒவ்வொரு நாளும் உட்கார்ந்திருக்கிற பிள்ளை. அவன் வீடு போனது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கடிதம் கேட்டோம்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த இரண்டு மாதமாக நம் அரசியல்வாதிகள் பேசுவதைக் கேட்டுவருகிறோம்.

திட்வா புயல் வந்தது நவம்பர் கடைசியில். 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பதுளை, கண்டி, நுவரெலியா மலைகள் சரிந்தன. களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவலைப் பக்கமெல்லாம் மூழ்கியது. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சை இடையில் நின்றது. டிசம்பர் 19ஆம் திகதி பாராளுமன்றத்தில் 500 பில்லியன் ரூபாவுக்கான குறைநிரப்பு மதிப்பீடு நிறைவேறியது. 50,000 கோடி ரூபா. அதே நாளில் சர்வதேச நாணய நிதியம் 206 மில்லியன் டொலர் அவசர உதவிக்கு அனுமதி கொடுத்தது. சில நாட்களில் உலக வங்கி தன் கணிப்பை வெளியிட்டது. கட்டடம், வீதி, வயல் என்று நேரடிச் சேதம் மட்டும் 4.1 பில்லியன் டொலர். 25 மாவட்டங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் சேதம் 1,200 பில்லியனுக்கு மேல். ஒதுக்கியது 500. அதனால் பணம் போதுமா, எங்கிருந்து வரும், எச்சரிக்கையை ஏன் கவனிக்கவில்லை என்று சபையில் வாதம் நடந்தது. நடக்க வேண்டியதுதான். எதிர்க்கட்சி கேட்காவிட்டால் யார் கேட்பது?

ஆனால் அந்தச் சத்தத்துக்குள் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது தொகையைப் பற்றிய பேச்சு அல்ல. மனோ கணேசன் கேட்ட கேள்வி.

அவரை கொழும்பு மக்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அவரை ஆதரிப்பவர்களும் இருக்கிறார்கள், அவர் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்புகிறவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் அவருடைய கட்சிக்காரர் இல்லை. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. வீடு முற்றாக அழிந்தவருக்கு 50 இலட்சம் ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது. நல்லது. இந்த நாட்டில் இதற்கு முன் இப்படி ஒரு தொகை யாரும் அறிவித்ததில்லை. ஆனால் லயத்தில் இருந்தவன் அந்த 50 இலட்சத்தை வைத்து எந்தக் காணியில் வீடு கட்டுவது? லயம் அவனுடையது இல்லை. அது நிற்கிற நிலமும் அவனுடையது இல்லை. நாலு தலைமுறை பிறந்து இறந்த இடம், ஆனால் கையில் உறுதி கிடையாது.

காணி இல்லாதவர்களுக்குக் காணி வாங்கவும் உதவுவதாக ஜனாதிபதி சொல்லியிருக்கிறார். அதையும் வரவேற்கிறோம். இடையில், மலையில் பாதுகாப்பான இடம் இல்லையென்றால் வடக்கு கிழக்குக்கு வரத் தயாரா என்ற பேச்சும் எழுந்தது. வந்தால் வரவேற்போம் என்று சுமந்திரனும் சொன்னார். நல்ல மனதோடு சொன்னதாகவே எடுத்துக்கொள்வோம். ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 200 வருடம் அந்த மலையில் உழைத்த சனத்துக்கு, அந்த மலையிலேயே பத்துப் பேர்ச் நிலம் தேடிக் கொடுப்பதைவிட, மாகாணம் தாண்டி அனுப்புவது லேசு என்று நமக்கே தோன்றுகிறதென்றால், பிரச்சினை பணத்திலா இருக்கிறது?

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். 2015இல் இருந்து 2019 வரை மனோ கணேசனும் திகாம்பரமும் அமைச்சர்கள். தோட்ட வீடமைப்பு திகாம்பரத்தின் கையில்தான் இருந்தது. ஏழு பேர்ச் காணியோடு தனி வீடு என்ற நல்ல தொடக்கம் அப்போது நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் லயங்கள் அப்படியே மிஞ்சியிருந்தன. இன்று கேள்வி கேட்பவர்களுக்கு அதிலும் பங்கு உண்டு.

இந்தக் கேள்வி மலையகத்துக்கு மட்டும் உரியதா என்றால், இல்லை. வெல்லம்பிட்டிக் கூலி வீட்டுக்காரியும் பதுளை லயத்துக்காரியும் ஒரே இடத்தில்தான் மாட்டுப்பட்டு நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் இழப்பு இருக்கிறது. இழந்ததைத் தன்னுடையது என்று காட்டக் கடதாசி இல்லை. திறைசேரியில் 500 பில்லியன் இருந்தாலும் 5,000 பில்லியன் இருந்தாலும், அது அவர்களிடம் வந்துசேர ஒரு பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். தொகையைத் தீர்மானிப்பது பாராளுமன்றம். பட்டியலைத் தீர்மானிப்பது ஒரு கிராம சேவகர் பிரிவில் ஒரு மேசை. நாம் முதலாவதைப் பற்றி இராப்பகலாகப் பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேச ஆளில்லை.

பணம் இருந்தும் வீடு கிடைக்காத கதை நம் சமூகத்துக்குப் புதிதா? 2004 டிசம்பர் 26ஐ மறக்க முடியுமா? அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மௌத்தானார்கள். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது கரையோரம் துடைத்தெடுத்த மாதிரி ஆனது. சவூதி அரேபியா உதவியது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. வீடு மட்டுமல்ல, பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல் என்று ஒரு ஊரே கட்டப்பட்டது. பிறகு யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகளைச் சுற்றிக் காடு வளர்ந்தது. யன்னல்கள் உக்கின. சுனாமியில் பிறந்த பிள்ளை ஓ/எல் எழுதி, ஏ/எல் எழுதி முடித்த பிறகும் அந்த வீடுகள் பூட்டித்தான் கிடந்தன. பணம் வந்தது, சீமெந்து வந்தது, கூரையும் போட்டாயிற்று. “இது யாருக்கு” என்ற ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இருக்கவில்லை.

அதே சுனாமிக்குப் பிறகு கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கட்டத் தடை போட்டார்கள். நெருக்கமாக வீடு கட்டி வாழ்ந்த நம் கரையோர ஊர்களில் 200 மீற்றரை விட்டால் மிச்சம் என்ன? பிறகு தளர்த்தினார்கள். அதற்குள் எத்தனை மாதம் போயிற்று.

2005 ஜூன் 24ஆம் திகதி அரசாங்கமும் புலிகளும் சுனாமி நிவாரணத்துக்குப் பொதுக் கட்டமைப்பு ஒன்றில் கைச்சாத்திட்டார்கள். அதிகம் பாதிக்கப்பட்ட சமூகங்களில் ஒன்றான முஸ்லிம்கள் அந்த மேசையில் ஒரு தரப்பு இல்லை. குழுக்களில் பிரதிநிதித்துவம் தருவோம் என்றார்கள், கையெழுத்து வைக்கிற இடத்தில் நம் பெயர் இல்லை. அதை எதிர்த்து அரசாங்கத்தை விட்டு வெளியேறியது ஜே.வி.பி., வேறு காரணத்துக்காக. அவர்களே நீதிமன்றமும் போனார்கள். ஜூலை 15ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. அன்று அமைச்சுப் பதவியை விட்டு விலகியவர்களில் ஒருவர்தான் இன்றைய ஜனாதிபதி. பழைய கணக்கைத் தீர்க்க இதைச் சொல்லவில்லை. அனர்த்தப் பணம் யார் கையால் யாருக்குப் போவது என்ற சண்டையை இவர்களும் நேரில் கண்டவர்கள். அதனால் இன்று அதைச் சரியாகச் செய்யும் பொறுப்பு மற்ற யாரையும்விட இவர்களுக்கே அதிகம்.

மலையகத்துக்கும் இது முதல் தடவை இல்லை. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது 2014 அக்டோபர் 29ஆம் திகதி. அந்த இடம் ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தது, போவதற்கு இடம் கொடுக்கப்படவில்லை. தப்பியவர்கள் ஏறக்குறைய இரண்டு வருடம் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் காலம் தள்ளினார்கள்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2010 நவம்பரில் கொழும்பில் பெய்த மழையில் பாராளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்தது. 2012இல் கொழும்பின் வடிகால் வேலைகளுக்கு உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடன் கிடைத்துவிட்டது. கால்வாய்கள் தோண்டப்பட்டன. அதன் பலனை நாங்கள் அனுபவிக்கவில்லை என்று சொல்லமாட்டோம். எங்களுடைய பாமன்கடைக் கால்வாய்ப் பக்கம் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் தண்ணீர் யாருடைய வாசலுக்கு வந்தால் நாட்டின் கோப்பு வேகமாக நகரும் என்பதும் அப்போது தெரிந்தது.

இனி, அலுவலர்கள் பக்க நியாயத்தையும் பேச வேண்டும். கடதாசி கேட்காமல் கொடுத்தால் எல்லோரும் வந்து நிற்பார்கள் என்பார்கள். உண்மைதான். வீட்டைத் துப்புரவாக்க 25,000 ரூபா என்று அறிவித்தவுடன், வாசலுக்குக்கூடத் தண்ணீர் வராதவர்கள் பெயர் கொடுத்த கதை எங்கள் காதுக்கும் வந்தது. அதில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாதிக்கப்பட்டவனுக்குப் போகிற காசை எடுப்பது ஹராம். இதைக் குத்பாவில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரு கிராம உத்தியோகத்தர் ஆயிரம் வீட்டை ஒரு வாரத்தில் பார்த்து முடிக்க வேண்டிய நிலை. அவருடைய சொந்த வீட்டுக்கும் தண்ணீர் வந்திருக்கலாம். அவரைத் திட்டி ஒன்றும் ஆகாது.

ஆனால் களவைத் தடுக்கக் கடதாசி ஒன்றுதான் வழியா? அமெரிக்காவில் இதே பிரச்சினை வந்தது. 2017இல் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவை அடித்தபோது, தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் இருந்த ஏராளமானோருக்கு உறுதி இல்லை என்று கூறி அவர்களுடைய மத்திய அனர்த்த நிறுவனம் உதவியை மறுத்தது. வருடக்கணக்காக எதிர்ப்புக் கிளம்பியது. 2021இல் விதியை மாற்றினார்கள். வேறு ஆவணம் இல்லாதவர், வீடு தன்னுடையது என்று தானே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தாலும் ஏற்கலாம் என்றார்கள். அவ்வளவு பணக்கார நாட்டுக்கே இதைக் கற்றுக்கொள்ள நாலு வருடம் பிடித்தது. நம்மிடமும் சத்தியக்கடதாசி என்று ஒன்று இருக்கிறது. சமாதான நீதவான்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பாடசாலை வரவுப் பதிவேட்டில் பிள்ளையின் விலாசம் இருக்கிறது. கிளினிக் கொப்பியில் இருக்கிறது. ஒரு குடும்பம் எங்கே வாழ்ந்தது என்பதற்கு உறுதியைத் தவிர எத்தனையோ சாட்சி உண்டு.

ஆகவே பேசுகிற மூத்த தலைவர்களிடம், ஆளும் கட்சியோ எதிர்க்கட்சியோ, எங்களுக்கு மூன்று வேண்டுகோள்கள் இருக்கின்றன. பில்லியனில் இல்லை.

முதலாவது, பட்டியலை ஒட்டுங்கள். ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவிலும், எல்லோரும் பார்க்கிற இடத்தில். யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது, ஏன் என்று. தண்ணீர் வராத வீட்டுக்காரரின் பெயர் அதில் இருந்தால் பக்கத்து வீடு பார்த்துக்கொள்ளும். கடதாசியைவிட அது பெரிய காவல்.

இரண்டாவது, வீட்டு இலக்கத்தை எண்ணாமல் குடும்பத்தை எண்ணுங்கள். கொழும்பில் ஒரு இலக்கத்துக்குள் மூன்று அடுப்பு எரிவது எல்லோருக்கும் தெரிந்த விடயம். கூலிக்கு இருப்பவர், லயத்தில் இருப்பவர், கால்வாய்க் கரையில் இருப்பவர், இவர்களுடைய இழப்புக்கு வேறு சாட்சியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தமிழில் தாருங்கள். புயல் நேரத்தில் தமிழில் எச்சரிக்கைகள் போதவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. விளங்காத மொழியில் வருகிற எச்சரிக்கை உயிரைக் காக்காது. விளங்காத மொழியில் இருக்கிற படிவம் உரிமையைப் பெற்றுத் தராது. அரச கரும மொழிகள் அமைச்சராக இருந்த மனோ கணேசன் இதை நம்மைவிட நன்றாக அறிவார். அவர் இதையும் சபையில் கேட்க வேண்டும்.

கடைசியாக நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

அல்ஹம்துலில்லாஹ், இந்த அனர்த்தத்தில் நம் சமூகம் கையை மூடிக்கொண்டு இருக்கவில்லை. பள்ளிவாசல்களில் சஹன் சஹனாகச் சோறு ஆக்கினோம். லொறி லொறியாகத் தண்ணீர்ப் போத்தலும் பாயும் அனுப்பினோம். சேறு அள்ளப் பொடியன்மார் போனார்கள். யார், என்ன மதம் என்று பார்க்கவில்லை. ஆனால் முதல் பத்து நாள் முடிந்தவுடன் நம் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டோம். சோறு கொடுப்பது கண்ணுக்குத் தெரிகிறது, படமும் எடுக்கலாம். படிவம் நிரப்பிக் கொடுப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு நூறு சோற்றுப் பார்சலைவிட ஒரு சரியான விண்ணப்பம் பெறுமதி.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சட்டத்தரணிகள் இல்லையா? ஓய்வுபெற்ற அதிபர்கள், எழுதுவினைஞர்கள் இல்லையா? சிங்களத்தில் அழகாக எழுதத் தெரிந்த நம் பிள்ளைகள் இல்லையா? ஜும்ஆ முடிந்து ஒரு மணித்தியாலம், பள்ளிவாசல் வராந்தாவில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு பேனை. மேன்முறையீடு எழுதிக் கொடுங்கள். சமாதான நீதவானைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கோயிலும் சேர்ச்சும் பன்சலையும் தங்கள் இடத்தில் இதைச் செய்தால் இன்னும் நல்லது. நாங்கள் ஆசிரியர்கள் எங்கள் பங்குக்கு ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் விலாசத்தையும் பதிவேட்டைப் பார்த்து உறுதிப்படுத்திக் கடிதம் கொடுக்கிறோம். அது ஏற்றுக்கொள்ளப்படுமா தெரியாது. கொடுக்காமல் இருப்பதைவிடப் பரவாயில்லை.

அந்தப் பையனின் உம்மாவுக்கும் ஒரு மேன்முறையீடு எழுதிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. சாச்சி வீட்டு முன்னறையில் நாலு பேர் பாய் விரித்துப் படுக்கிறார்கள். பையன் ஒவ்வொரு நாளும் நேரத்துக்கு வருகிறான். எங்களுடைய நன்கொடைப் பட்டியலில் இப்போது கிராம உத்தியோகத்தர் கடிதம் என்ற நிபந்தனை இல்லை. அடித்துவிட்டோம்.

பொதுப்பணம் ஒரு அமானிதம் என்று சொல்கிறோம். அதை யாருக்குக் கொடுப்பது என்று எழுதுகிற பட்டியலும் அமானிதம்தான். உங்கள் ஊரில், உங்கள் ஒழுங்கையில், பட்டியலில் இல்லாத ஒரு வீடு நிச்சயம் இருக்கும். இந்த வெள்ளிக்கிழமைக்குள் அந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுப் பாருங்கள்.

வஸ்ஸலாம்.